துண்டுகளைச் சேர்த்துப் புதுப் புரதம்: கணினியில் இணைவுப் புரதம் வடிவமைப்பது எப்படி?

நீரிழிவு முற்றி, விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். அதற்குப் பயன்படும் மருந்துகளில் ஒன்று அஃப்லிபெர்செப்ட். முதுமையில் வரும் ஒருவகை விழித்திரை நோய்க்காக அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்றது. நீரிழிவால் வரும் வீக்கத்துக்கு 2014இல். இந்த மருந்து ஒரு புரதம். ஆனால் எந்த உயிரின் உடலிலும் இப்படி ஒரு புரதம் இல்லை. இரத்தக் குழாய்களை வளரச் சொல்லும் ஒரு சைகைப் புரதம் நம் உடலில் உண்டு. அதைப் பிடிக்கும் வாங்கிகள் இரண்டை எடுத்து, ஒன்றின் இரண்டாம் பகுதியையும் மற்றதன் மூன்றாம் பகுதியையும் பிரித்து, பிறபொருளெதிரி ஒன்றின் அடிப்பகுதியோடு சேர்த்திருக்கிறார்கள். மூன்று புரதங்களிலிருந்து வந்த பகுதிகள் ஒரே சங்கிலியில். கண்ணுக்குள் போனதும் அது அந்தச் சைகைப் புரதத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. குழாய்கள் கசிவது குறைகிறது.

இப்படிச் செய்யப்படுவதுதான் இணைவுப் புரதம். எந்தப் பகுதியை எடுப்பது, எங்கே வெட்டுவது, நடுவில் என்ன வைத்து இணைப்பது என்பதையெல்லாம் முன்பு ஆய்வுகூடத்தில் செய்து செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது அதில் பெரும்பங்கைக் கணினியிலேயே பார்த்துவிட முடிகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளையும், வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் முதலாம் வருடம் படிப்பவர்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நம்மூரில் இருந்தபடியே இறங்கக்கூடிய துறை இது. அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

டொமைன் என்றால் என்ன

20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் புரதம். அது மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு அடுத்த படி இது: பெரிய புரதங்கள் பெரும்பாலும் ஒரே உருண்டையாக மடிவதில்லை. சங்கிலியின் ஒரு நீளம் தனக்குள் மடிந்து ஓர் உருண்டை ஆகும். அடுத்த நீளம் இன்னோர் உருண்டை ஆகும். தானாக மடியக்கூடிய இப்படியான பகுதியைத்தான் டொமைன் என்கிறார்கள். வழக்கமாக 50 முதல் 200 அமினோ அமிலம் வரை நீளம் இருக்கும். அதைத் தனியே வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் அதே வடிவத்தில் மடியும், தன் வேலையையும் செய்யும். இந்த ஒரு பண்பு இல்லையென்றால் இணைவுப் புரதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இயற்கை இந்த வேலையை வெகுகாலமாகச் செய்து வருகிறது. நம் இரத்தத்தில் ஓடும் ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரியில் 12 டொமைன்கள் இருக்கின்றன: இரண்டு பாரச் சங்கிலிகளில் நான்கு நான்கு, இரண்டு இலேசுச் சங்கிலிகளில் இரண்டிரண்டு. குளொஸ்திரிடியம் தேர்மோசெல்லம் என்றொரு பக்டீரியா இருக்கிறது. வெப்பமான, ஒட்சிசன் இல்லாத இடத்தில் தாவரக் கழிவை உடைத்து வாழ்வது. அதன் ஒரு புரதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு டொமைன் செலுலோசைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒன்பது டொமைன்கள் ஆளுக்கொரு நொதியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே சட்டத்தில் ஒரு முழுப் பட்டறை. அந்தச் செலுலோசைப் பிடிக்கும் டொமைன் கீழே நமக்குத் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்கள் செய்த இணைவுகளுக்கு நோக்கம் பல. டுலாகுளுட்டைட் என்ற நீரிழிவு ஊசியை எடுங்கள். ஜிஎல்பி-1 என்ற ஓமோன் இரத்தத்தில் ஓரிரு நிமிடத்தில் அழிந்துவிடும். அதைப் போன்ற, சற்று மாற்றிய ஒரு துண்டைப் பிறபொருளெதிரியின் அடிப்பகுதியோடு சேர்த்தபோது அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஐந்து நாள் ஆனது. கிழமைக்கு ஒரு ஊசி போதும். பிறபொருளெதிரியின் அடிப்பகுதியை நம் கலங்கள் அழிக்காமல் திரும்பத் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிடும் என்பதே காரணம். ஒரு புரதம் கலத்துக்குள் எங்கே போகிறது என்று பார்க்க, ஜெலிமீனில் இருந்து வந்த பச்சை ஒளிர்ப் புரதத்தை அதன் வாலில் சேர்ப்பார்கள். அந்த ஒளிர்ப் புரதத்துக்காக 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முதல் மலேரியாத் தடுப்பூசியும் மலேரியா ஒட்டுண்ணியின் புரதப் பகுதி ஒன்றை ஹெபடைடிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதத்தோடு இணைத்துச் செய்ததுதான். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. ஆனாலும் அந்தக் காய்ச்சல் என்ன செய்யும் என்று நம் வீட்டு மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இணைப்பில்தான் எல்லாம் இருக்கிறது

கல்லடியில் ஒரு வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ரெண்டு மரபணுவையும் சும்மா ஒட்டிவிட்டால் போதாதா?"

"ஒட்டலாம் மகள். ஒட்டுவது லேசு. ஒட்டின பிறகு ரெண்டும் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி" என்றேன்.

மரபணு மட்டத்தில் வேலை உண்மையிலேயே எளியதுதான். முதல் மரபணுவின் கடைசியில் இருக்கும் நிறுத்தக் கோடனை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் இறைபோசோம் அங்கேயே நின்றுவிடும். நடுவில் வைக்கும் டிஎன்ஏ துண்டின் நீளம் மூன்றின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுவதும் பிழைத்துவிடும். இவ்வளவுதான்.

சிக்கல் தொடங்குவது சங்கிலி மடியும்போது. முதல் டொமைனின் கடைசி முனை எங்கே இருக்கிறது? வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் நல்லது. உருண்டைக்குள் புதைந்திருந்தால் அதில் எதையும் தொடுக்க முடியாது. தொடுத்தால் மடிப்பே குலையும். நொதியத்தின் தாக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால், தொடுத்த டொமைன் அந்த வாசலை அடைத்துவிடும். பச்சை ஒளிர்ப் புரதம் இவ்வளவு பிரபலமானதற்கு ஒரு காரணம், அதன் இரண்டு முனைகளும் வெளியே, ஒன்றுக்கொன்று அருகில் இருப்பது. எந்தப் பக்கம் தொடுத்தாலும் அது பெரும்பாலும் கலங்குவதில்லை.

இரண்டு டொமைன்களுக்கும் நடுவில் வரும் குட்டையான சங்கிலித் துண்டை ஆய்வுகூடத்தில் லிங்கர் என்பார்கள். லிங்கரில் இரண்டு பெரும் வகை. அம்பாறை வயல்களில் ஓடும் லேண்ட்மாஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் பெட்டியைக் கொளுவும்போது ஒரு முளையில்தான் கொளுவுவார்கள். வளைவில் பெட்டி தன் பாட்டில் திரும்பும், அது திரும்பத்தான் வேண்டும். சுழல்கலப்பையைப் பூட்டும்போது அப்படி இல்லை. எஞ்சினின் சுழற்சி கலப்பைக்குப் போக வேண்டும் என்பதால் ஆணி முறுக்கி அசையாமல் பூட்டுவார்கள். கொஞ்சம் விலகினாலும் பல்லுச் சில்லுகள் பொருந்தா. புரதத்திலும் இதே இரண்டு தேவைகள் இருக்கின்றன. இரண்டு டொமைன்களும் தன் தன் பாட்டில் அசைய வேண்டும் என்றால் நெகிழும் லிங்கர். நான்கு கிளைசீன், ஒரு செரீன் என்ற ஐந்தெழுத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவது வழக்கம். கிளைசீனுக்குப் பக்கச் சங்கிலி ஒற்றை ஐதரசன் மட்டும் என்பதால் அது எந்தப் பக்கமும் வளையும். செரீன் நீரோடு ஒட்டுறவாக இருந்து கரைய வைக்கும். டொமைன்கள் குறிப்பிட்ட தூரத்தில், குறிப்பிட்ட கோணத்தில் நிற்க வேண்டும் என்றால் விறைப்பான லிங்கர். குளுட்டமிக் அமிலம், மூன்று அலனீன், ஒரு லைசீன் என்ற அடுக்கு அதற்குப் பெயர் போனது; அது சுருளாக, ஒரு கோலைப் போல் நிற்கும்.

லிங்கரின் நீளம் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு 1993இல் வந்த ஓர் ஆய்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பிறபொருளெதிரியின் பிடிக்கும் நுனி இரண்டு டொமைன்கள் சேர்ந்தது. அந்த இரண்டையும் 15 அமினோ அமில லிங்கரால் ஒரே சங்கிலியாக்கினால், அவை தங்களுக்குள் மடிந்து சேர்ந்துகொள்கின்றன. ஒரு மூலக்கூறு, ஒரு பிடி. லிங்கரை 5 ஆகக் குறைத்தால் தன் சொந்தச் சோடியை எட்ட முடிவதில்லை. அப்போது பக்கத்துச் சங்கிலியின் டொமைனோடு சோடி சேர்கிறது. விளைவு: இரண்டு சங்கிலி சேர்ந்த, இரண்டு பிடியுள்ள புது மூலக்கூறு. டொமைன்களில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நடுவில் இருந்த, ஒரு வேலையும் செய்யாதது போலத் தெரிந்த பத்து அமினோ அமிலங்கள் போனதில் பொருளே வேறாகிவிட்டது.

நெகிழும் லிங்கரில் ஒரு கணக்கு உங்களால் கல்குலேட்டரில் போட்டுப் பார்க்கக்கூடியது. இரண்டு டொமைன்கள் ஒன்றையொன்று விட்டு 5 நனோமீற்றருக்கு மேல் போக முடியாதபடி கட்டப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். 5 நனோமீற்றர் ஆரையுள்ள கோளத்தின் கனவளவைக் கண்டு, அதற்குள் ஒரு மூலக்கூறு இருந்தால் செறிவு என்ன என்று அவகாதரோ எண்ணால் பாருங்கள். ஏறத்தாழ 3 மில்லிமோல், ஒரு லீற்றருக்கு. தனித்தனியாகக் கரைசலில் மிதக்கும் புரதங்களுக்கு இந்தச் செறிவு கனவிலும் கிடைக்காது. அதனால்தான் தனித்தனியாக இருக்கும்போது ஒன்றையொன்று கண்டுகொள்ளாத பலவீனமான சோடிகள்கூட, இணைத்துவிட்டால் சேர்ந்து வேலை செய்கின்றன. அதேபோல், நெகிழும் சங்கிலியை நான்கு மடங்கு நீட்டினால் அதன் சராசரி எட்டும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் கூடும், ஏனென்றால் அது நேராக நிற்பதில்லை, சுருண்டு கிடக்கிறது. நீட்டி நீட்டிக்கொண்டே போவதில் அவ்வளவு பயன் இல்லை என்பதை இந்த வர்க்கமூலம் சொல்லிவிடுகிறது.

விறைப்பான சுருளில் கணக்கு இன்னும் அழகானது. அல்பாச் சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். ஒரு அமினோ அமிலம் கூடினால் சுருள் 0.15 நனோமீற்றர் நீளும். அதோடு 100 பாகை திரும்பும். அதாவது லிங்கரில் ஓர் எழுத்தைச் சேர்த்தால், அடுத்த முனையில் இருக்கும் டொமைன் கொஞ்சம் தள்ளிப் போவது மட்டுமல்ல, பெரும்பாலும் வேறு திசையைப் பார்த்து நிற்கும். இரண்டு சேர்த்தால் 200 பாகை. மூன்று சேர்த்தால் 300. நான்கு சேர்த்தால் 400, அதாவது ஒரு முழுச் சுற்றும் 40 பாகையும். கிட்டத்தட்ட பழைய திசைக்கே வந்துவிடும், ஆனால் 0.6 நனோமீற்றர் தள்ளி. இந்த வடிவியலை வைத்து 2001இலேயே யேற்ஸ் என்பவரின் குழு இரண்டு புரதங்களை ஒரே சுருளால் விறைப்பாக இணைத்து, அவை தாமாகவே கூடிக் கூண்டு ஆகும்படி செய்தது. கோணத்தைக் கணினியில் கணித்துவிட்டே செய்தார்கள். கணிதத்தையும் உயிரியலையும் வேறு வேறு பாடம் என்று நினைத்துப் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வேலையைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கணினி என்ன செய்கிறது

பத்து அமினோ அமில லிங்கர் ஒன்றை எடுத்தால், ஒவ்வோர் இடத்திலும் 20 தெரிவு. மொத்தம் 20இன் பத்தாம் அடுக்கு: 10 இலட்சம் கோடிக்கும் மேல். இதை ஆய்வுகூடத்தில் செய்து பார்த்து முடியாது. கணினி இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கித் தருகிறது.

பழைய வழி, சக்தியைக் கணிப்பது. அணுக்கள் ஒன்றையொன்று முட்டுகின்றனவா, நீரை வெறுக்கும் பக்கங்கள் உள்ளே போயிருக்கின்றனவா, ஐதரசன் பிணைப்புகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் புள்ளி போடும். அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் குழு வளர்த்த ரொசெட்டா மென்பொருள் இந்த வழியில் வந்தது. 2003இல் அதைக் கொண்டு டொப்7 என்ற 93 அமினோ அமிலப் புரதத்தை வடிவமைத்தார்கள். அதன் மடிப்பு இயற்கையில் அதுவரை கண்டிராத ஒன்று. செய்து பார்த்தபோது கணினி சொன்ன வடிவத்திலேயே இருந்தது.

புதிய வழி, தரவிலிருந்து கற்பது. 1971இல் தொடங்கிய புரதக் கட்டமைப்புத் தரவுவங்கியில் உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் தாங்கள் கண்ட புரத வடிவங்களைச் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பொதுச் சொத்தைப் படித்துத்தான் அல்பாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு உருவானது. 2020இல், அமினோ அமிலங்களின் எழுத்து வரிசையை மட்டும் வைத்து வடிவத்தைச் சொல்லும் போட்டியில் அது எல்லோரையும் வியக்க வைத்தது. பிறகு, வேண்டிய வடிவத்துக்கு ஏற்ற எழுத்து வரிசையைத் தரும் புரோட்டீன்எம்பிஎன்என் 2022இலும், புது வடிவத்தையே வரைந்து தரும் ஆர்எஃப்டிஃபியூஷன் 2023இலும் பேக்கர் குழுவிடமிருந்து வந்தன. 2024 இரசாயன நோபல் பரிசில் பாதி பேக்கருக்கும், மறுபாதி அல்பாஃபோல்டின் ஹஸாபிஸ், ஜம்பர் இருவருக்கும் போனது.

இதெல்லாம் கணினித் திரையோடு நின்றுவிட்ட கதை இல்லை. தென்கொரியா 2022இல் அனுமதித்த ஸ்கைகோவியோன் என்ற கொவிட் தடுப்பூசி, கணினியில் வடிவமைத்த ஒரு நுண்கோளம். இருவகைப் புரதங்கள், மொத்தம் 120 சங்கிலிகள், தாமாகவே கூடிக் கோளமாகும். அவற்றில் 60 சங்கிலிகளின் நுனியில் வைரசின் கூர்ப்புரதத்திலிருந்து எடுத்த, கலத்தைப் பிடிக்கும் டொமைன் இணைக்கப்பட்டிருக்கிறது. நம் நோயெதிர்ப்புத் தொகுதி 60 இடத்தில் ஒரே அடையாளத்தைப் பார்த்து நன்றாகப் பழகிக்கொள்கிறது.

இணைவுப் புரதத்தில் அல்பாஃபோல்டைப் பயன்படுத்தும்போது ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது எப்போதும் ஒரு படத்தைத் தரும். நெகிழும் லிங்கர் உள்ள புரதத்துக்கு ஒரே படம் என்பதே கிடையாது; அது ஆயிரம் நிலைகளில் அசைந்துகொண்டிருக்கும். படத்தில் இரண்டு டொமைன்களும் ஒன்றையொன்று தழுவியபடி தெரிந்தால், உண்மையிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. படத்தோடு இரண்டு வகை நம்பிக்கை அளவுகள் வரும். ஒன்று, ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை ஒரு புள்ளி. 90க்கு மேல் மிக உறுதி. 50க்குக் கீழே என்றால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லை. லிங்கரில் இந்தப் புள்ளி குறைவாக வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். இரண்டாவது ஒரு சதுர வரைபடம்: எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும், ஒன்றைப் பொறுத்து மற்றது இருக்கும் இடத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று காட்டும். கொலாப்ஃபோல்ட் என்ற இலவசப் பதிப்பில் நீலம் என்றால் பிழை குறைவு, சிவப்பு என்றால் கூட. இரண்டு டொமைன் புரதத்தில் மூலைவிட்டத்தில் இரண்டு நீலச் சதுரம் தெரிந்தால், ஒவ்வொரு டொமைனும் நன்றாக மடிந்திருக்கிறது. அவற்றுக்கு வெளியே உள்ள மூலைகள் சிவப்பாக இருந்தால், டொமைன்கள் ஒன்றையொன்று பொறுத்து எங்கே நிற்கின்றன என்று கணினிக்கே தெரியாது. நெகிழும் லிங்கர் போட்டிருந்தால் அதுவே நீங்கள் எதிர்பார்க்கும் விடை. விறைப்பான லிங்கர் போட்டும் சிவப்பு வந்தால், வடிவமைப்பை மாற்ற வேண்டும். அழகான முப்பரிமாணப் படத்தை விட்டுவிட்டு முதலில் இந்தச் சதுரத்தைத் திறக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கென்று ஒரு பயிற்சி

இனி நம் இடத்துக்கு வருவோம். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வயலில் மருந்தடிப்பவர்கள் உடையில் அந்த மருந்து தெறித்து ஊறுவதை எல்லோரும் பார்க்கிறோம். ஒர்கனோபொஸ்பேட் வகை மருந்துகள் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை முடக்குகின்றன. நரம்புச் சைகை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மிகக் கொடியவை பல இலங்கையில் தடைசெய்யப்பட்டுவிட்டன, மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டும் 1995இல். ஆனாலும் இந்த வகை முழுவதுமாகப் போய்விடவில்லை. மருதமுனைத் தறிகளில் நெய்யும் பருத்தி என்பது செலுலோஸ். பருத்தியில் ஒட்டிக்கொண்டு, மேலே விழும் மருந்தை உடைக்கும் ஒரு புரதத்தை வடிவமைக்க முடியுமா? செலுலோசைப் பிடிக்கும் டொமைனோடு ஒர்கனோபொஸ்பேட்டை உடைக்கும் நொதியத்தை இணைக்கும் ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருக்கிறது. ஆகவே இது வெறும் கற்பனை இல்லை. கற்பதற்கு மிக நல்ல பயிற்சி.

முதல் துண்டு, பொஸ்போட்ரைஎஸ்டரேஸ் என்ற பக்டீரியா நொதியம். தரவுத்தளத்தில் எடுத்தால் 365 அமினோ அமிலம் வரும். அதை அப்படியே போடக்கூடாது. முதல் 29 வெறும் வழிகாட்டித் துண்டு, பக்டீரியா தானே வெட்டிவிடுவது. அதை நீக்கி 336ஐ எடுக்க வேண்டும். இந்த நொதியம் பீப்பா வடிவத்தில் மடிவது, தாக்கும் இடத்தில் இரண்டு நாக அயன்கள் இருக்கும். பரக்சோன் என்ற நச்சில் ஒரு செக்கனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை உடைக்கும் அசுர வேகம் அதற்கு; குளோர்பைரிபொஸ் போன்றவற்றில் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும், அதையும் மறக்கக்கூடாது. இரண்டாவது துண்டு, மேலே சொன்ன குளொஸ்திரிடியத்தின் செலுலோசைப் பிடிக்கும் டொமைன், சுமார் 150 அமினோ அமிலம்.

இப்போது யோசிக்க வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த நொதியம் சோடியாகத்தான் இருக்கும், இரண்டு சங்கிலி சேர்ந்து. ஆகவே பிடிக்கும் டொமைனைத் தொடுக்கும் முனை அந்தச் சோடி சேரும் முகத்தில் இருக்கக்கூடாது. கொலாப்ஃபோல்டில் முழு இணைவுப் புரதத்தின் வரிசையை இருமுறை, நடுவில் முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தால் சோடியாக மடித்துக் காட்டும். இணைத்த பிறகும் சோடி குலையாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்னால் எது, பின்னால் எது? இரண்டு ஒழுங்கையும் போட்டுப் பாருங்கள். லிங்கர்? நொதியம் துணியின் மேற்பரப்பில் இருந்து கொஞ்சம் தள்ளி நின்றால்தான் மருந்து மூலக்கூறு அதன் வாசலுக்கு வர முடியும். குறிப்பிட்ட கோணம் எதுவும் தேவையில்லை. ஆகவே நெகிழும் லிங்கர் போதும் என்பது என் எண்ணம். 10, 15, 20 என்று மூன்று நீளத்தில் தொடங்கலாம். மரத்தையும் வைக்கோலையும் உடைக்கும் பூஞ்சைகளின் செலுலேஸ் நொதியங்களில் இயற்கை வேறு லிங்கர் வைத்திருக்கிறது: புரோலின், திரியோனின், செரீன் நிறைந்தது, சீனி மூலக்கூறுகளும் ஒட்டியிருக்கும். ஆனால் ஆய்வுகூடத்தில் நம் புரதத்தைச் செய்து தரப்போகும் ஈ. கோலை பக்டீரியா அந்தச் சீனியை ஒட்டித் தராது. அதனால் அதை அப்படியே எடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாகம் அல்பாஃபோல்டின் இரண்டாம் பதிப்புப் படத்தில் தெரியாது. மூன்றாம் பதிப்பில் அயன்களையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இந்த வேலை முழுவதும் ஒரு சாதாரண மடிக்கணினியும் இணையமும் இருந்தால் நடக்கும். பெரிய கணக்கெல்லாம் தொலைவில் இருக்கும் கூகுள் கணினிகளில் ஓடுகிறது. மின்சாரம் போனால் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் திரையில் நன்றாக இருப்பதெல்லாம் குடுவையிலும் நன்றாக இருக்கும் என்று இல்லை. ஈ. கோலை வேகமாகப் புரதம் செய்யும்போது ஒரு டொமைன் மடிவதற்குள் அடுத்தது வந்து சிக்கி, எல்லாமே கரையாத கட்டியாகத் திரண்டுவிடலாம். கலத்துக்குள் இருக்கும் புரதம் வெட்டும் நொதியங்கள், மடியாமல் கிடக்கும் லிங்கரைக் கண்டால் விடமாட்டா; அங்கேதான் முதலில் வெட்டும். உடலுக்குள் போகும் மருந்தாக இருந்தால், இரண்டு புரதம் சேரும் இடத்தில் உண்டாகும் புது எழுத்து வரிசையை நம் நோயெதிர்ப்புத் தொகுதி அந்நியன் என்று கண்டு தாக்கக்கூடும். இவற்றைக் கணிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் சொல்லை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. நம் பயிற்சிப் புரதம் துணியில் ஒட்டினாலும், வெயிலிலும் வியர்வையிலும் சவர்க்காரத்திலும் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கணினி சொல்லாது. அது ஆய்வுகூடத்தில் மட்டுமே தெரியவரும். அதுவரை கையுறையும் முகமூடியும்தான் பாதுகாப்பு.

ஆகவே வடிவங்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் முன் பட்டியலைக் குறைக்க வேண்டும், மரபணுவைச் செயற்கையாகச் செய்வித்து எடுப்பதற்குப் பணம் போகும். இரண்டு ஒழுங்கு, மூன்று நீளம் என்றால் ஆறு வடிவங்கள். சோடி குலைந்தவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு நொதியத்தின் வாசல் பிடிக்கும் டொமைனால் அடைபடுகிறதா என்று, கணினி தரும் ஐந்து மாதிரிகளிலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மிஞ்சுபவற்றில் ஒரே ஒழுங்கில் குட்டை ஒன்று, நீளம் ஒன்று என்று இரண்டைத் தெரிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையில் லிங்கர் மட்டும் வேறாக இருக்கும். ஆய்வுகூடத்தில் விடை வித்தியாசமாக வந்தால் காரணம் எது என்று தேட வேண்டியிருக்காது. அவற்றோடு இணைக்காத தனி நொதியத்தையும் சேர்த்தே செய்யுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.